பிடி அரிசி, பெஞ்ச், பப்ளிக் எக்ஸாம்



இந்த வாரம் ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, மார்க் கிடையாது. உங்க காலேஜைப் பத்திக் கேட்டா கட்-ஆஃப் எவ்வளவு, பிளேஸ்மென்ட் எப்படி, கேன்டீன்ல எந்தக் கிழமை பரோட்டா நல்லா இருக்கும் என்பது வரை மூச்சு விடாம சொல்வீங்க. சரி, நீங்க படிச்ச ஹைஸ்கூலை யார் ஆரம்பிச்சது? எந்த வருஷம்? எந்தக் காசுல? 'எங்க தாத்தா காலத்துல இருந்தே இருக்கு பாஸ்' என்பதைத் தாண்டி ஒரு வரி வராது. காம்பவுண்ட் சுவர் எந்த இடத்துல உயரம் கம்மி என்பது மட்டும் இன்ச் கணக்கில் தெரிஞ்சிருக்கும்.

எனக்கும் ரொம்ப நாளா அவ்வளவுதான் தெரியும். அதனால இந்த வாரம் ஹைஸ்கூல் கதை. எங்க ஏரியா கதை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கொஞ்சம் தள்ளி விருதுநகர், சிவகாசி. வெளியூர்க்காரங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்னா ஆண்டாள், கோபுரம், பால்கோவா. மூணாவது ஐட்டத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. ரெண்டாவது ஐட்டத்துக்கும் ஸ்கூலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தமிழ்நாட்டுல யார் பிளஸ் டூ முடிச்சாலும், மார்க் ஷீட்டுல அரசு முத்திரையில் ஒரு கோபுரம் இருக்கும் பாருங்க, அது எங்க ஊர் கோபுரம்தான்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளையும் சொல்லும். மதுரைக்காரங்க அது மீனாட்சி அம்மன் கோயில் கோபுரம்னு சண்டைக்கு வருவாங்க. வரட்டும். பெயிலான மார்க் ஷீட்டுலயும் அதே கோபுரம்தான் இருக்கும் என்பதால் நான் இந்தச் சண்டையில் ரொம்ப ஆர்வம் காட்டுவதில்லை.

எங்க பக்கத்துல ஒரு ஸ்கூலோட பேரைப் படிச்சாலே அது எப்படிப் பிறந்ததுன்னு பாதி புரிஞ்சிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல சி.எம்.எஸ். என்று ஒரு ஸ்கூல். சர்ச் மிஷனரி சொசைட்டி என்பதன் சுருக்கம். அதே ஊர்ல 'இந்து' என்று ஒரு ஸ்கூல். ராஜபாளையத்துல அன்னப்பராஜா நினைவு மேல்நிலைப்பள்ளி. விருதுநகர்ல சத்திரிய வித்யாசாலா. மிஷன், மதம், குடும்பம், சமூகம் என்று எல்லாப் பேரும் இருக்கு. 'அரசு' என்ற வார்த்தை ரொம்பப் பின்னாடிதான் வருது.

ஏன் இப்படி? 1854-ல் லண்டன்ல இருந்து சார்லஸ் வுட் என்பவர் பேர்ல ஒரு நீளமான உத்தரவு இந்தியாவுக்கு வந்தது. அதுல ஒரு பாயின்ட்: எல்லாப் பள்ளிக்கூடத்தையும் சர்க்காரே கட்டி நடத்த முடியாது, யார் நடத்தினாலும் சரி, நாங்க சொல்ற விதிப்படி நடத்தினா மானியம் தர்றோம். இன்னிக்கு நாம 'எய்டட் ஸ்கூல்'னு சொல்றோமே, அதுக்கு விதை அங்கதான் விழுந்தது. அந்த நேரத்துல ராக்லண்ட் என்று ஒரு கேம்பிரிட்ஜ்காரர் சிவகாசிப் பக்கம் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுத்திக்கிட்டு இருந்தார். 1858-ல் சிவகாசியிலேயே இறந்து போனார். மிஷன்காரங்க ஸ்கூல் திறந்தா, 'நம்ம பசங்களுக்கு நாமே ஒண்ணு திறப்போம்'னு ஊர்ப் பெரிய மனுஷங்க இன்னொண்ணு திறப்பாங்க. திருநெல்வேலிச் சீமை முழுக்க நடந்த போட்டி இது. (ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போ திருநெல்வேலி மாவட்டம். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானப்ப அங்கே போச்சு. 1985-ல் விருதுநகர் மாவட்டம். வீட்டை மாத்தாமலே மூணு மாவட்டம் பார்த்த ஊர்!) கான்வென்ட்டுக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் நடக்கிற இன்றைய அட்மிஷன் போட்டியைப் பார்த்து 'காலம் கெட்டுப் போச்சு'ன்னு சொல்ற மாமாக்கள் இதையும் தெரிஞ்சுக்கணும்.

ஆனா எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்ச கதை சத்திரிய வித்யாசாலா கதைதான். எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா விருதுநகர் பக்கம்தான். அப்போ அது விருதுபட்டி. 1880-களின் கடைசி. நாடார்களைப் பல கோயில்களுக்குள்ள விடாத காலம். 1899-ல் சிவகாசியில் பெரிய கலவரமே வெடிச்சது, அவ்வளவு சூடான காலம். அந்த ஊர் வியாபாரிகள் ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க: மகமை. விக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை பொதுவில் போய்ச் சேரும். அதுல இருந்து கோயில், கிணறு, பேட்டை. அடுத்தது ஸ்கூல்.

கடைக்காரங்க காசு மட்டும் போதலை. அப்போதான் வந்தது 'பிடி அரிசி'. ஒவ்வொரு வீட்டிலயும் உலை வைக்கிறப்ப, அம்மாவோ பாட்டியோ அரிசி அளந்து போடுறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்துத் தனியா ஒரு கலயத்துல போட்டுடணும். வாரம் ஒரு தடவை ஆள் வந்து வீடு வீடா வாங்கிட்டுப் போவாங்க. அதை வித்த காசு வாத்தியார் சம்பளத்துக்கும் பள்ளிச் செலவுக்கும் போகும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இது பணக்காரர் டொனேஷன் கிடையாது. கல்வெட்டுல பேர் வராது. கையெழுத்து போடத் தெரியாத ஒரு பொம்பளை, தன் வீட்டுச் சோத்துல இருந்து ஒரு கவளத்தைக் குறைச்சு, தன் மகள் போகவே முடியாத ஒரு ஸ்கூலுக்குக் கொடுத்திருக்கா. ஆமா, அந்தக் காலத்து ஹைஸ்கூல்னா பசங்களுக்குத்தான். நம்ம ஊர்கள்ல பொம்பளைப் பிள்ளைங்களுக்குன்னு ஹைஸ்கூல் வர இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சு. ஸ்கூல் ஆண்டு விழாவில் 'வள்ளல்கள்' என்று போட்டோ மாட்டி மாலை போடுறோமே, அந்த வரிசையில் ஒரு மண் கலயத்தையும் மாட்டலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

அந்த ஸ்கூல்ல 1909 வாக்குல ஒரு பையன் சேர்ந்தான். அப்பாவை ஆறு வயசு வாக்குல இழந்தவன். ஸ்கூல் பிள்ளையார் சதுர்த்திக்கு வசூல் பண்ணி எல்லாருக்கும் பிரசாதம் கொடுத்தாங்களாம். பசங்க முண்டியடிச்சு அள்ளிக்கிட்டாங்க. இவன் மட்டும் கையில கொஞ்சூண்டு வெச்சுக்கிட்டு வந்தான். 'எல்லாரும் நிறைய வாங்கிட்டு வந்தப்ப உனக்கு மட்டும் ஏன்டா இவ்வளவு'ன்னு வீட்டுல கேட்டப்ப, 'எல்லார்கிட்டயும் ஒரே காசு வாங்கினாங்கல்ல, சமமா கொடுக்க வேண்டியது வாத்தியார் வேலை, நான் ஏன் அடிச்சுப் பிடிக்கணும்'னு கேட்டானாம். விருதுநகர் பக்கம் இந்தக் கதை தெரியாத ஆளே கிடையாது. பதினோரு பன்னிரண்டு வயசுல படிப்பை விட்டுட்டு மாமா ஜவுளிக்கடையில் உட்கார்ந்துட்டான். பேர் சொல்லணுமா என்ன? காமராஜர்.

ஸ்கூலை விட்டவர் 1954-ல் முதலமைச்சர் ஆனார். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வரை அதே நாற்காலியில் இருந்தவரும் எங்க பக்கத்து ஆள்தான். ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா. பிறந்த கொஞ்ச நாளில் அம்மாவையும் மூணு வயசுல அப்பாவையும் இழந்தவர். தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்துட்டார், அதுதான் காந்தி கலை மன்றம். இன்னிக்கும் ராஜபாளையம் போனா பார்க்கலாம். சரி, காமராஜருக்கு வருவோம். 1956-ல் மதிய உணவு. அப்புறம் நெ.து. சுந்தரவடிவேலு என்ற கல்வி இயக்குநர் தலைமையில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்: ஊர் ஊரா மாநாடு போட்டு 'உங்க ஸ்கூலுக்கு பெஞ்ச் இல்லை, கூரை இல்லை, நீங்களே கொடுங்க'ன்னு ஊரையே கேட்டாங்க. 1958-ல் ஆரம்பிச்சது. நாற்காலி, மணி, கடிகாரம், கிணறு, நிலம்னு ஜனங்க கொடுத்தாங்க. பிடி அரிசியேதான், கொஞ்சம் பெரிய கலயம். 1960-களின் தொடக்கத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு 11-ம் வகுப்பு வரை சம்பளம் கிடையாதுன்னு ஆச்சு. 'சம்பளம்'னா நம்ம வாங்குறது இல்லை, ஸ்கூலுக்கு மாசா மாசம் கட்டுற பீஸ். எங்க தாத்தா தலைமுறை அப்படித்தான் சொல்லும்: 'சம்பளம் கட்ட முடியாம நின்னுட்டேன்'.

11-ம் வகுப்புன்னு சொன்னதும் சிலர் புருவத்தை உயர்த்துவீங்க. அந்தக் காலத்து ஹைஸ்கூல் 11-ம் வகுப்போட முடியும். அதுக்கும் முந்தின தலைமுறை 'சிக்ஸ்த் ஃபாரம்'னு சொல்லும். ஆறாம் வகுப்புதான் ஃபர்ஸ்ட் ஃபாரம், அப்படியே எண்ணிக்கிட்டு வந்தா 11 தான் சிக்ஸ்த். முடிச்சா எஸ்.எஸ்.எல்.சி. இப்போ மாதிரி ஒத்தைத் தாள் இல்லை மக்களே, நிஜமாவே ஒரு புக். பேர், பிறந்த தேதி, மச்ச அடையாளம், மார்க் எல்லாம் அதுல எழுதி ஹெச்.எம். கையெழுத்து போட்டிருப்பார். பிறந்த தேதிக்கு அதுதான் ஆதாரம் என்பதால், நம்ம ஊர்ப் பெரியவங்க பாதிப் பேருக்கு உண்மையான பிறந்தநாள் ஒண்ணு, எஸ்.எஸ்.எல்.சி. புக் பிறந்தநாள் ஒண்ணு. ஸ்கூல்ல சேர்த்த அன்னிக்கு வாத்தியார் வாய்க்கு வந்த தேதியைப் போட்டு, அந்தத் தேதியிலேயே ரிட்டயர்டும் ஆன சித்தப்பாக்கள் எங்க வீட்டிலேயே ரெண்டு பேர்.

ஸ்கூல் லைஃப்? எங்க ஊர் ஸ்பெஷல் மட்டும் சொல்றேன். ஆடிப்பூரத் தேருக்கு லோக்கல் லீவு. லீவு விட்டா தேர் இழுக்கப் போகணும், போகாட்டி பாட்டி விடமாட்டா. மார்கழி வந்தா விடியற்காலையில ஸ்பீக்கர்ல திருப்பாவை, அதே மாசம்தான் அரையாண்டுப் பரீட்சை. கணக்கு போடும்போது மண்டைக்குள்ள பாசுரம் ஓடும். திருப்பாவை ஒப்புவிக்கிற போட்டியில் பிரைஸ் வாங்கின பையன் கணக்குல முப்பத்தஞ்சுக்குத் தவிச்ச கதையெல்லாம் எங்க செட்டுலயே உண்டு. சாயங்காலம் பெல் அடிச்சதும் பால்கோவா போடுற கடைப் பக்கம் நடந்தா வாசனை இலவசம். நாலணா எட்டணா இருந்தா இலையில் கொஞ்சம் வெச்சுத் தருவாங்க. ராஜபாளையத்துப் பசங்களுக்கு மில் சங்குதான் கடிகாரம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பிச்ச ராஜபாளையம் மில்லுல தொடங்கி அந்த ஊர்ல நூல்தான் எல்லாம். ஷிப்ட் மாறுற நேரத்துல அப்பா உள்ளே போவார், பையன் ஸ்கூலுக்குப் போவான்.

இன்னொரு இடம், பென்னிங்டன் நூலகம். கலெக்டரா இருந்த பென்னிங்டன் பேர்ல 1875-ல் ஆரம்பிச்சது. எங்க ஊர்ல பேப்பர் படிக்கிற பழக்கம் வந்த எல்லா ஸ்கூல் பையனும் அந்த பெஞ்ச்ல உட்கார்ந்தவன்தான். ஸ்போர்ட்ஸ் பக்கம் யார் கையில இருக்கோ அவன்தான் அன்னிக்கு ராஜா. முன்னூறு ரன் ஸ்கோரை முதல் நாள் ரேடியோவில் கேட்டவனும் மறுநாள் வரிசையில் நின்னு படிப்பான்.

சரி, சீரியஸ் மேட்டருக்கு வர்றேன்.

1978-ல் பிளஸ் ஒன் ஸ்கூலுக்குள்ள வந்தது. அதுவரை 11 முடிச்சா காலேஜ்ல பி.யு.சி. எங்க பக்கத்துப் பசங்க அதுக்கு விருதுநகர், சிவகாசி, இல்லாட்டி மதுரைன்னு போகணும். ராஜபாளையத்துல ராஜுக்கள் கல்லூரியே 1973-ல்தான் வந்தது. பி.யு.சி.ங்கிறது ஒரு வருஷம்தான், ஆனா பஸ் செலவு, ஹாஸ்டல் செலவு, 'அவ்வளவு தூரம் பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புறது'ங்கிற கேள்வி. அதுலயே பாதிப் பேர் நின்னுடுவாங்க. பிளஸ் டூ நம்ம ஊர் ஸ்கூலுக்கே வந்ததும் அந்தச் சுவர் உடைஞ்சது. முதல் பேட்ச் 1980-ல் பப்ளிக் எழுதிச்சு. அதே ஸ்கூல், அதே வேப்பமரம், ஆனா உள்ளே திடீர்னு லேப், கெமிஸ்ட்ரி வாசனை, மீசை முளைச்ச பசங்க. மல்லி, மம்சாபுரம், வத்திராயிருப்பு பஸ்ல பாஸ் வெச்சுக்கிட்டு ஃபுட்போர்டுல தொங்கின கூட்டம் அதுக்கு அப்புறம்தான் பெருசாச்சு.

ஆனா எல்லா பஸ்ஸும் ஸ்கூலுக்குப் போகலை. 1980-கள்ல எங்க பக்கத்துக் கிராமங்களுக்கு விடியற்காலம் மூணு நாலு மணிக்கே இன்னொரு பஸ் வரும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ், பயர் ஆபீஸ் பஸ். எங்க ஊர்ல ஃபேக்டரின்னு சொல்ல மாட்டாங்க, ஆபீஸ்தான். தூக்கக் கலக்கத்துல ஏறுற பிள்ளைங்களுக்கு எட்டு வயசு, பத்து வயசு. சட்டத்துல குச்சி அடுக்கணும், பெட்டி ஒட்டணும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. அதுல 'வீட்டுக்குள்ள குடும்பத்தோட செஞ்சா பரவாயில்லை'ன்னு ஓட்டை இருந்ததால, வேலை ஆபீஸ்ல இருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்தது. வக்கீல் எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காகப் போட்ட கேஸ்ல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது: ஆபத்தான வேலையில வெச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும், அந்தப் பணம் பிள்ளையோட நலனுக்கு.

என் பெஞ்ச்ல பக்கத்துல உட்கார்ந்தவன் அப்படித்தான் லேட்டா வந்தவன். ஸ்கூல் முடிஞ்சு வீட்டுக்குப் போனா ராத்திரி பத்து மணி வரை அம்மா, அக்காவோட பெட்டி ஒட்டுவான். பசை காய்ஞ்சு விரல் நுனியெல்லாம் வெள்ளையா உரிஞ்சிருக்கும். ஹோம் ஒர்க் நோட்டுல அந்தப் பசை ஒட்டி ரெண்டு பக்கம் சேர்ந்தே இருக்கும். 'ஏன்டா பக்கத்தை விட்டு விட்டு எழுதியிருக்கே'ன்னு கேட்ட தமிழ் டீச்சர், அன்னிக்கு அந்த நோட்டை வாங்கிப் பிரிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமத் திருப்பிக் கொடுத்தாங்க. ஒன்பதாவது முழுப் பரீட்சைக்கு அப்புறம் அவன் வரலை. ஏன்னு அடுத்த பாராவுல சொல்றேன், ஏன்னா அது அவன் கதை மட்டும் இல்லை.

விருதுநகர் மாவட்டம்னா பிளஸ் டூ ரிசல்ட்ல மாநிலத்துலயே ஃபர்ஸ்ட்னு பேர் வாங்கின மாவட்டம். வருஷக்கணக்கா அந்த இடத்தை எங்க ஆளுங்க யாருக்கும் விட்டுக் கொடுக்கலை. 2018-ல் 97.05 சதவீதம், முதலிடம். 2023-லயும் முதலிடம். பெருமைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுக்குப் பின்னாடி வாத்தியார்களோட நிஜமான உழைப்பு இருக்கு. காலையில ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்டடி, தினமும் ஸ்லிப் டெஸ்ட். எங்க கணக்கு சார் ராத்திரி டி.வி.எஸ். ஃபிஃப்டியில கிராமம் கிராமமா வருவார். லைட் எரியுதான்னு பார்ப்பார். எரியலைன்னா 'தம்பி தூங்கிட்டானாம்மா?'ன்னு வெளியிலிருந்தே ஒரு குரல். அடுத்த அரை நிமிஷத்துல தெருவே படிக்கும்.

ஆனா நூத்துக்கு நூறு காட்டணும்னா ரெண்டு வழி இருக்கு. படிக்காதவனைப் படிக்க வைக்கிறது ஒண்ணு. படிக்காதவனைப் பரீட்சை ஹாலுக்கே வராம பார்த்துக்கிறது இன்னொண்ணு. ஒன்பதாவதுல 'இவன் தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கோங்க, பிரைவேட்டா எழுதட்டும்'னு அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்றது தமிழ்நாடு முழுக்க நடந்த விஷயம். என் பெஞ்ச்மேட்டோட அப்பாவுக்கும் அப்படி ஒரு நாள் அழைப்பு வந்தது. சதவீதக் கணக்குல அவன் ஃபெயிலும் இல்லை, பாஸும் இல்லை. அவன் அந்தக் கணக்கிலேயே இல்லை. 'டிஸ்ட்ரிக்ட் ஃபர்ஸ்ட்' பேனர்ல தெரியாத பேர் அது.

இதே மாதிரி இன்னொரு குறுக்கு வழி, பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் பண்ண வைக்கிறது. நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் ஸ்கூல்கள்ல ஃபேமஸ் ஆன டெக்னிக். பிளஸ் டூ-வுல 1200-க்கு 1150 எடுத்தவன் இன்ஜினீயரிங் ஃபர்ஸ்ட் இயர்ல முழிச்ச கதை கிருஷ்ணன்கோவில் கேம்பஸ்ல கேட்டாலே சொல்வாங்க. 2017-ல் ரேங்க் லிஸ்ட் வெளியிடுறதை அரசு நிறுத்தினதும், 2018-ல் பிளஸ் ஒன்னுக்கு பப்ளிக் வெச்சதும், 1200 போய் 600 ஆனதும் இதுக்குத்தான். ரேங்க் போனதுல சில பேப்பர்களுக்கு மே மாச போட்டோ பக்கம் போச்சு. வேற நஷ்டம் ஒண்ணும் எனக்குத் தெரியலை.

இப்போ உங்க வயசுப் பசங்களைத் தொடுற விஷயம். 2020-ல் ஒரு சட்டம் வந்தது. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அடுத்த வருஷம் இன்ஜினீயரிங், சட்டம், விவசாயம் மாதிரி படிப்புகளுக்கும் வந்தது. அருமையான விஷயம். நீட் வந்ததுக்கு அப்புறம் அரசுப் பள்ளியில இருந்து விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் மெடிக்கல் போனாங்க. இப்போ வருஷா வருஷம் நூத்துக்கணக்குல போறாங்க. 2022-ல் ஹைகோர்ட்டும் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு.

ஆனா அது 'அரசு'ப் பள்ளிக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. இப்போ முதல்ல சொன்ன பேர்களைத் திரும்பப் பாருங்க. மிஷன் ஸ்கூல், இந்து ஸ்கூல், வித்யாசாலா. எங்க பக்கத்து டவுன்கள்ல பழைய ஹைஸ்கூல்கள் பெரும்பாலும் எய்டட்தான். 1854-ல் இருந்து அப்படித்தான் கட்டினாங்க. சர்க்கார் வராத இடத்துல ஊரே கட்டிச்சு. அங்கே படிக்கிற பிள்ளை யாரு? நெசவு வீட்டுப் பிள்ளை, பயர் ஆபீஸ் போற அம்மாவோட பிள்ளை, ஆதிதிராவிடர் நல விடுதியில தங்கி நடந்து வர்ற பையன். அதே இலவச சைக்கிள், அதே சத்துணவு, அதே புத்தகம், அதே வாத்தியார் சம்பளம் அரசாங்கத்துல இருந்து. ஒதுக்கீடு மட்டும் இல்லை. வீட்டுப் பக்கத்துல அரசுப் பள்ளி இருந்திருந்தா அவனும் அங்கே சேர்ந்திருப்பான்.

'எய்டட்னு திறந்து விட்டா பெரிய ஊர்ல இருக்கிற பணக்கார எய்டட் ஸ்கூல் பசங்க எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவாங்க, ஒதுக்கீட்டோட நோக்கமே போயிடும்'னு எதிர்த்தரப்புல சொல்றாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. 7.5-ஐ அப்படியே வெச்சுக்கிட்டுப் பங்குக்கு ஆள் சேர்த்தா, அரசுப் பள்ளிப் பிள்ளை வாய்ல இருந்து பிடுங்கின மாதிரிதான் ஆகும். ஆனா எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல படிக்கிற பிள்ளைன்னு தனியாப் பிரிச்சுப் பார்க்க முடியாதா? முடியும்னு அரசாங்கமே காட்டியிருக்கு. கல்லூரி போற பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டம் 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. அப்புறம் உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கும்னு நீட்டினாங்க. ஆயிரம் ரூபாய்க்குப் போட முடிஞ்ச கோட்டை, சீட்டுக்கு மட்டும் போட முடியாதுன்னு சொன்னா எனக்குப் புரியலை.

இதுக்கு நடுவுல பழைய ஸ்கூல்கள் காலியாகிட்டு வருது. இங்கிலீஷ் மீடியம் வேன் தெருமுனைக்கே வந்து ஹாரன் அடிக்குது. ஒரு காலத்துல ஏ செக்‌ஷன்ல இருந்து எஃப் வரை இருந்த ஸ்கூல்ல இப்போ ஏ, பி-யோட முடியுது. பிள்ளை எண்ணிக்கை குறைஞ்சா வாத்தியார் போஸ்ட் குறையும், போஸ்ட் குறைஞ்சா குரூப் மூடும், குரூப் மூடினா அடுத்த வருஷம் இன்னும் பிள்ளை குறையும். நம்ம செட்டுல பாதிப் பேர் வெளிநாட்டுல செட்டில் ஆகி, வாட்ஸப் குரூப்ல பழைய குரூப் போட்டோ போட்டு 'மிஸ் யூ டா'ன்னு ஃபீல் பண்றோம். போன வருஷம் எங்க செட்டு கெட்-டுகெதர் நடத்திச்சு. பிரியாணி, கேக், ஒரே மாதிரி டி-ஷர்ட், ட்ரோன் கேமரா. ஸ்கூல் லேப்ல பிப்பெட் எத்தனை உடையாம இருக்குன்னு யாரும் போய்ப் பார்க்கலை. நானும் பிரியாணிப் பக்கம்தான் நின்னேன்.

சரி, இந்த வார அசைன்மென்ட். ஊருக்குப் போற அடுத்த லீவுல ஸ்கூல் பக்கம் ஒரு நடை போங்க. மெயின் பில்டிங் வாசல்ல, இல்லாட்டி பழைய கிணத்து மேடையில ஒரு கல் பதிச்சிருப்பாங்க. யார் கொடுத்தது, எந்த வருஷம், எவ்வளவு ரூபாய்னு எழுதியிருக்கும். அதைப் படிச்சு, ஒன்பதாவதுல உங்க செட்டுல எத்தனை பேர் இருந்தீங்க, பத்தாவது ஹால் டிக்கெட் எத்தனை பேர் வாங்கினீங்க என்ற ரெண்டு நம்பரையும் சேர்த்து எழுதி நம்ம அட்ரஸுக்கு அனுப்புங்க. நல்லதை அடுத்தடுத்த வாரங்கள்ல போடுறேன். கல்லு மேல சுண்ணாம்பு அடிச்சு எழுத்து மறைஞ்சிருந்தா ஆணியால சுரண்டாதீங்க. ஈரத்துணியில தொடச்சு, சாயங்கால வெயில் சாய்வா விழுற நேரத்துல பாருங்க, எழுத்து தெரியும். முதல்ல வாட்ச்மேன் தாத்தாகிட்ட சொல்லிட்டுப் போங்க. சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம், இப்போ உயர்த்திட்டாங்க.